கரண்ட் பில்லோடு வந்த அரசியல் நோட்டீஸ்: இது யார் காசு?

ஏரிக்கரைக்காரன்:

வணக்கம். ஒஹாயோவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது, கிளீவ்லாந்து பக்கம் வீடு. அப்பா ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறார். மின்வாரியத்தில் வீடு வீடாக ரீடிங் எடுத்துக் கடைசியில் ஆபீஸ் நாற்காலியில் ஓய்வு பெற்றவர், அதனால் இங்கே எந்த பில் வந்தாலும் உறையைப் பிரிக்கிற உரிமை அவருக்குத்தான். நான் ஆன்லைனில் கட்டிவிட்டுக் காகிதத்தைத் திறக்காமலே மூலையில் போடுகிறவன்.

போன வாரம் கரண்ட் பில் உறைக்குள் வழவழப்பான தாளில் ஒரு நோட்டீஸ் இருந்தது. சட்டமன்றத்தில் ஒரு மசோதா வரப்போகிறதாம், அது வந்தால் நமக்கு மின்சாரம் தடையில்லாமல் கிடைக்குமாம், அதனால் உங்கள் தொகுதி உறுப்பினருக்கு உடனே போன் செய்து ஆதரிக்கச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் இரண்டு தடவை படித்தார், அப்புறம் பில்லை எடுத்து வரி வரியாகப் பார்த்தார், பார்த்துவிட்டு "ஏம்ப்பா, இந்த நோட்டீஸ் அடிச்ச காசு இதுல எந்த வரியில இருக்கு?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. மளிகைக் கடைக்காரர் தன் லாபத்தில் கட்சிக்கு நன்கொடை கொடுத்தால் எனக்கென்ன, பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போவேன். கம்பி போட்டிருக்கிற கம்பெனியை நான் மாற்ற முடியாதே? கட்டாமல் விட்டால் இருட்டில் உட்கார வேண்டும். அப்படி வாங்குகிற காசில் அரசியல் செய்யச் சட்டம் விடுகிறதா? இங்கே ரொம்ப நாளாக இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பழைய கொலம்பஸ்வாசி:

தம்பி, இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு நாட்டிலேயே பொருத்தமான மாநிலத்தில்தான் வீடு பிடித்திருக்கிறீர்கள்! 2019-இல் நீங்கள் இங்கே இல்லை, அதனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஃபர்ஸ்ட்எனர்ஜி என்ற கம்பெனியின் துணை நிறுவனத்துக்கு ஏரிக்கரையில் டேவிஸ்-பெஸ், பெர்ரி என்று இரண்டு அணுமின் நிலையங்கள். எரிவாயு மின்சாரம் மலிவாகிவிட்டதால் போட்டி போட முடியாமல் அந்தத் துணை நிறுவனம் 2018-இல் திவாலுக்கு மனு போட்டது. 2019 ஜூலையில் ஹவுஸ் பில் 6 என்று ஒரு சட்டம். அந்த இரண்டு நிலையங்களையும் காப்பாற்ற மாநிலத்தில் மின் இணைப்பு வைத்திருக்கும் எல்லோரும் மாதாமாதம் கூடுதலாகக் கட்ட வேண்டும், மொத்தக் கணக்கு சுமார் 130 கோடி டாலர். போகிற போக்கில் 1950-களில் கட்டிய இரண்டு நிலக்கரி ஆலைகளுக்கும் சேர்த்து ஒரு தொகை. அதில் ஒன்று ஒஹாயோவிலேயே இல்லை, பக்கத்து இந்தியானாவில் இருக்கிறது. சூரிய மின்சாரம், காற்றாலைக்கு இருந்த இலக்கைக் குறைத்ததும் அதே சட்டம்தான்.

சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகலாம் என்று ஒரு கூட்டம் கையெழுத்து வாங்க ஆரம்பித்தது. 2,65,774 கையெழுத்து வேண்டும். அந்த நேரம் பார்த்து டிவியில் ஒரு விளம்பரம், தபாலில் ஒரு நோட்டீஸ்: சீன அரசாங்கம் நம் மின்கட்டமைப்பைக் கைப்பற்றப் பார்க்கிறது, கையெழுத்துக் கேட்டு வருகிறவர்களிடம் உங்கள் விவரங்களைக் கொடுக்காதீர்கள் என்று. பின்னணி என்ன தெரியுமா, இங்குள்ள சில எரிவாயு மின் நிலையங்களுக்குச் சீன வங்கி ஒன்று கடன் கொடுத்திருந்தது, அவ்வளவுதான். எங்கள் நூலக வாசலில் ஒரு கல்லூரிப் பையன் அட்டையைப் பிடித்துக்கொண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தான், அவனுக்கு மூன்றடி தள்ளி ஒரு ஆள் நின்றுகொண்டு வருகிறவர்களிடம் எல்லாம் "போடாதீங்க, போடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கும் தினக்கூலிதான். கையெழுத்து வாங்குகிறவர்களுக்கே பணமும் விமான டிக்கெட்டும் கொடுத்து ஊருக்கு அனுப்பப் பார்த்தார்கள் என்று பின்னால் வழக்கில் வெளிவந்தது. கெடுவுக்குள் எண்ணிக்கை சேரவில்லை, வாக்கெடுப்பு நடக்கவில்லை.

அடுத்த வருடம் ஜூலையில் ஒஹாயோ சட்டமன்றத்தின் சபாநாயகர் லேரி ஹவுஸ்ஹோல்டரை எஃப்பிஐ கைது செய்தது. கம்பெனிப் பக்கத்திலிருந்து சுமார் 6 கோடி டாலர் 'ஜெனரேஷன் நவ்' என்ற அமைப்புக்குள் போயிருக்கிறது. நன்கொடையாளர் பெயரைச் சொல்ல வேண்டாத வகை அமைப்பு அது. அந்தப் பணத்தில் தனக்கு வேண்டிய வேட்பாளர்களை ஜெயிக்க வைத்து, அவர்கள் ஓட்டில் சபாநாயகராகி, சட்டத்தை நிறைவேற்றி, நடுவில் சொந்தக் கடனை அடைத்து, புளோரிடா வீட்டையும் சரிசெய்துகொண்டார் மனுஷன். 2023-இல் 20 வருடம் சிறை. ஃபர்ஸ்ட்எனர்ஜி 2021-இல் தவறை ஒப்புக்கொண்டு 23 கோடி டாலர் அபராதம் கட்டியது.

எனக்கு இதில் தாங்க முடியாதது வேறொன்று. மின்கட்டணத்தை நிர்ணயிக்கிற மாநில ஆணையத்தின் தலைவராக 2019-இல் வந்த சாம் ரேண்டாஸோ, பதவிக்கு வருவதற்குச் சற்று முன்னால்தான் அதே கம்பெனியிடமிருந்து 43 லட்சம் டாலர் வாங்கியிருந்தார். கொடுத்ததைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. அவர் குற்றத்தை மறுத்தார், வழக்கு முடிவதற்குள் 2024-இல் இறந்தும் போனார். வேலி பயிரை மேய்ந்தது என்போம், இங்கே வேலி போடுவதற்கு முன்பே பேச்சுவார்த்தை முடிந்திருக்கிறது.

குறுக்குக் கேள்வி:

அண்ணன் சொன்னது லஞ்சக் கதை. லஞ்சம் எல்லா ஊரிலும் குற்றம், அதற்குச் சட்டமும் சிறையும் இருக்கிறது, அந்தச் சபாநாயகரும் சிறைக்குப் போய்விட்டார். இவர் கேட்டது அது இல்லையே. ஒரு கம்பெனி தன் தொழிலைப் பாதிக்கிற மசோதா பற்றி வாடிக்கையாளரிடம் பேசக்கூடாதா? மின்சாரக் கம்பெனியின் கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக வாயைக் கட்ட முடியாது. 1980-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: நியூயார்க்கின் கன்சாலிடேட்டட் எடிசன் கம்பெனி பில் உறைக்குள் அணுமின்சாரத்தை ஆதரித்து ஒரு தாள் வைத்தது, ஆணையம் அப்படி வைக்கக்கூடாது என்று தடை போட்டது, தடை செல்லாது, அது பேச்சுரிமை என்று தீர்ப்பு. ஆக உங்கள் அப்பா கையில் இருக்கிற நோட்டீஸ் சட்டப்படி சரிதான்.

அப்புறம் கணக்கையும் பாருங்கள். 6 கோடி டாலர் என்றால் பெரிதாகத் தெரியும், அந்தக் கம்பெனிக்குப் பல மாநிலங்களில் சுமார் 60 லட்சம் வாடிக்கையாளர்கள். தலைக்குப் பத்து டாலர். ஒரு பிட்சா விலைகூட இல்லை. இதற்குப் போய் ஒழுங்குமுறை, தணிக்கை, அறிக்கை என்று ஆள் போட்டால் அந்தச் செலவும் நம் பில்லில்தான் ஏறும்.

பேரேடு:

நான் மின்கட்டண வழக்குகளில் வாடிக்கையாளர் தரப்புக்குக் கணக்குப் பார்க்கிற வேலையில் பல வருடம் இருந்தவன், ஒஹாயோ இல்லை, வேறு மாநிலம். கேள்வி கேட்டவரின் அப்பா சரியான இடத்தில் விரலை வைத்திருக்கிறார், எந்த வரியில் இருக்கிறது என்பதுதான் விஷயமே. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போட்டி இல்லாத தொழில் என்பதால் மின் கம்பெனி தன் விலையைத் தானே வைக்க முடியாது. ஆணையத்திடம் கணக்கைக் கொண்டுபோய், இந்த வருடம் கம்பத்துக்கு இவ்வளவு, ஆள் சம்பளம் இவ்வளவு, போட்ட முதலுக்கு லாபம் இவ்வளவு, இதெல்லாம் சேர்த்து வசூலிக்க அனுமதி கொடுங்கள் என்று கேட்கும். எங்கள் பேச்சில் இதில் ஒரு கோடு உண்டு. கோட்டுக்கு மேலே இருக்கிற செலவு வாடிக்கையாளர் தலையில், கீழே இருப்பது பங்குதாரர் தலையில். மத்திய எரிசக்தி ஆணையமான ஃபெர்க் வைத்திருக்கிற கணக்கு முறையில் 426.4 என்று ஒரு தலைப்பு, தேர்தல் செலவு, சட்டமன்றத்தில் ஆள் பிடிக்கிற செலவு (லாபி என்பார்கள்) எல்லாம் அதில்தான் எழுத வேண்டும், அது கோட்டுக்குக் கீழே. ஆகவே காகிதத்தில் பார்த்தால் அப்பாவின் கேள்விக்குப் பதில் "எந்த வரியிலும் இல்லை" என்பதுதான்.

ஆனால் காகிதம்தானே.

உதாரணத்துக்கு ஒரு அதிகாரி காலையில் சட்டமன்ற உறுப்பினரோடு காபி குடிக்கிறார், மதியம் அலுவலகம் வந்து கட்டண மனுவுக்கு அறிக்கை தயார் செய்கிறார். சம்பளம் ஒன்று. எத்தனை மணி நேரம் கோட்டுக்கு மேலே, எத்தனை கீழே என்று நேரத்தாளில் எழுதுவது யார்? அவரேதான். நான் பார்த்த நேரத்தாள்களில் வாரம் முழுவதும் ஒரே கையெழுத்தில், ஒரே பேனாவில், வெள்ளிக்கிழமை சாயந்திரம் உட்கார்ந்து நிரப்பினது போலவே இருக்கும்.

ஃபர்ஸ்ட்எனர்ஜியை ஃபெர்க் தணிக்கை செய்து 2022-இல் அறிக்கை வெளியிட்டபோது இன்னும் சுவாரஸ்யம். லாபிச் செலவில் ஒரு பகுதியைக் கட்டுமானப் பணிகளின் மேல்செலவோடு சேர்த்து எழுதியிருந்தார்கள். இது ஏன் மோசம் என்றால், சாதாரணச் செலவாக எழுதினால் அந்த வருடத்தோடு போயிற்று, கட்டுமானத்தில் சேர்த்துவிட்டால் அது சொத்தாகிவிடும், சொத்தின் மேல் வருடா வருடம் லாபம் வாங்கலாம், முப்பது நாற்பது வருடத்துக்கு. கம்பத்துக்குள் காங்கிரீட்டோடு அரசியலையும் ஊற்றிப் பூசிய மாதிரி.

அடுத்தது சங்கச் சந்தா. எடிசன் எலக்ட்ரிக் இன்ஸ்டிட்யூட் என்று பங்குதாரர்களுக்குச் சொந்தமான மின் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து வைத்திருக்கிற சங்கம். அதற்குக் கட்டுகிற சந்தாவில் பெரும்பகுதி 930.2 என்ற தலைப்பில் போகிறது, அது கோட்டுக்கு மேலே. சந்தா ரசீதிலேயே இத்தனை சதவீதம் லாபிச் செலவு என்று போட்டுவிடுவார்கள், அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை உங்களிடம் கேட்பார்கள். ஆனால் அந்தச் சதவீதம் வருமானவரிச் சட்டத்தின் விளக்கப்படி கணக்கிட்டது. அந்த விளக்கம் குறுகலானது, பொதுமக்கள் கருத்தைத் திருப்புகிற எத்தனையோ வேலை அதில் வராது.

குறுக்குக் கேள்விக்கு: தலைக்குப் பத்து டாலர் என்ற கணக்கு சரி. ஆனால் பத்து டாலருக்கு என்ன வாங்கினார்கள் என்று பாருங்கள். 6 கோடியைப் போட்டு 130 கோடிக்கு வழி செய்திருக்கிறார்கள், இருபது மடங்குக்கு மேல். சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிப்பது என்பார்களே, அதேதான். தூண்டில் புழுவின் விலையை வைத்து மீனவனின் வருமானத்தைக் கணக்குப் போடாதீர்கள். (மீன் என்ன ஆனது என்றும் சொல்லிவிட வேண்டும். அணுமின் மானியத்தை வசூல் தொடங்குவதற்கு முன் நீதிமன்றம் நிறுத்தியது, 2021-இல் சட்டமன்றம் அதை நீக்கியது. நிலக்கரி ஆலைகளுக்கான தொகை மட்டும் 2025 வரை ஒஹாயோக்காரர்களின் பில்லில் ஓடிக்கொண்டே இருந்தது, லஞ்சம் கொடுத்தவர் வாங்கியவர் எல்லாம் அம்பலமாகி ஐந்து வருடம் கழித்தும்.)

இது புதுசும் இல்லை. 1926-இல் சிகாகோவின் மின்சார ராஜா சாமுவேல் இன்சல், செனட் சபைக்குப் போட்டியிட்ட ஃபிராங்க் ஸ்மித்துக்கு 1,25,000 டாலர் கொடுத்தார். ஸ்மித் அப்போது யார்? இன்சலின் கம்பெனிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்கிற இல்லினாய் ஆணையத்தின் தலைவர்! அவர் ஜெயித்தும் செனட் அவரை உள்ளே உட்கார விடவில்லை. இது மாதிரி அடுக்கடுக்காக வெளிவந்த பின்புதான் 1935-இல் ஒரு மத்தியச் சட்டம், பெரிய மின் குழுமங்கள் தேர்தல் நன்கொடை கொடுக்கவே கூடாது என்றது. எழுபது வருடம் இருந்தது. 2005-இல் அந்தச் சட்டத்தை நீக்கியபோது இதுவும் சேர்ந்து போனது.

ஏரிக்கரைக்காரன்:

பேரேடு சார், நன்றி. அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நேரத்தாள் பகுதி வந்ததும் சிரித்துவிட்டு, "எங்க ஆபீஸ்ல ஜீப் லாக்புக் இப்படித்தான் எழுதுவாங்க" என்றார்.

அவருடைய அடுத்த கேள்வி, கொஞ்சம் இடக்காகத்தான் இருக்கிறது: பங்குதாரர் காசு என்கிறீர்களே, அந்தப் பங்குதாரருக்கு லாபம் எங்கிருந்து வந்தது? நாங்கள் கட்டின பில்லிலிருந்துதானே? அப்புறம் கோட்டுக்கு மேலே என்ன, கீழே என்ன?

காளிகாட் தமிழன்:

நான் அமெரிக்கா இல்லை, கல்கத்தாவில் முப்பது வருடம். உங்கள் அப்பாவின் இந்தக் கேள்வி எங்கள் ஊருக்கும் பொருந்தும் என்பதால் எட்டிப் பார்க்கிறேன்.

தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, யார் எவ்வளவு வாங்கினார்கள் என்ற விவரத்தை ஸ்டேட் வங்கி தேர்தல் ஆணையத்திடம் கொடுத்து, ஆணையம் வெளியிட வேண்டும் என்று சொன்னது ஞாபகம் இருக்கும். பட்டியலில் லாட்டரிக் கம்பெனி முதலிடம், எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். நான் தேடினது வேறு. ஐந்தாவது இடத்துக்குப் பக்கத்தில் ஹால்தியா எனர்ஜி, 377 கோடி ரூபாய். இது என்ன கம்பெனி என்றால் ஹால்தியாவில் 600 மெகாவாட் நிலக்கரி நிலையம் நடத்துகிறது, அந்த மின்சாரம் வருவது கல்கத்தாவுக்குக் கரண்ட் கொடுக்கிற சிஇஎஸ்சிக்கு, இரண்டும் ஒரே குழுமம். அந்த மின்சாரத்துக்கு என்ன விலை என்று ஆணையம் தீர்மானிக்கிறது, நாங்கள் கட்டுகிறோம். சட்டப்படி அப்போது அதில் தவறில்லை, லாபத்திலிருந்து கொடுத்தோம் என்றால் கேள்வியும் இல்லை. முன்பு மூன்று வருட சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிக்குக் கொடுக்கக்கூடாது என்று வரம்பு இருந்தது, 2017-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். அதை எடுத்ததும் தப்பு என்று அதே தீர்ப்பு சொன்னது.

அமெரிக்காவில் தலைக்குப் பத்து டாலருக்குக் கணக்குத் தலைப்பு எண் வைத்துச் சண்டை போடுகிறார்கள், இங்கே 377 கோடிக்கு அந்தக் கேள்வியே எழவில்லை என்பதுதான் என் ஆதங்கம். தமிழ்நாட்டில் விநியோகம் அரசு கம்பெனி கையில், அரசு கம்பெனி கட்சிக்கு நன்கொடை கொடுக்கச் சட்டத்தில் இடமே இல்லை. அங்கே கட்டணமே அரசியல், அது தனி ராமாயணம்.

குறுக்குக் கேள்வி:

கல்கத்தா அண்ணா, வரம்பு இருந்தால் நல்லது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அப்பாவின் இடக்குக் கேள்வியை அப்படியே ஏற்றுக்கொண்டால் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். பில் காசிலிருந்து வந்தது எல்லாம் கடைசிவரை பில் காசுதான் என்றால், அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர் தன் சம்பளத்தில் கட்சிக்கு நூறு டாலர் கொடுத்தால் அதையும் கேட்க வேண்டிவரும். எங்காவது ஒரு இடத்தில் காசு கை மாறித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு தீர்ப்பும் இருக்கிறது, 1986, கலிபோர்னியாவின் பிஜிஇ மின் கம்பெனி. பில் உறையில் மிச்சமிருக்கிற இடம் வாடிக்கையாளருடையது, அதனால் வாடிக்கையாளர் அமைப்பின் தாளையும் அதில் வைக்க வேண்டும் என்று ஆணையம் சொன்னது. முடியாது, பிடிக்காத கருத்தைத் தன் உறையில் சுமக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக்கூடாது என்றது உச்ச நீதிமன்றம். உறையைத் தொட முடியாது, காசைத் தொடலாம், அவ்வளவுதான் மிச்சம் இருக்கிற வழி. அதனால் பேரேடு சொல்கிற கோடு முக்கியம் என்று ஒத்துக்கொள்கிறேன். அதைச் சரியாகப் போடட்டும்.

பேரேடு:

கோட்டை எங்கே போடுவது என்பதைவிட, சரியாகப் போட்டிருக்கிறது என்று நிரூபிக்க வேண்டியது யார் என்பதுதான் என் அனுபவத்தில் பெரிய விஷயம். எழுதியது தப்பு என்று காட்ட வேண்டியது பெரும்பாலும் எங்கள் வேலையாகவே ஆகிவிடுகிறது. ஆயிரக்கணக்கான பக்கம் கொடுப்பார்கள், கேள்வி கேட்டால் ரகசியம் என்பார்கள், கடைசியில் இரண்டு தரப்பும் ஒரு மொத்தத் தொகைக்குச் சமரசம் செய்துகொள்ளும். அந்தச் சமரசத்தில் எந்தச் செலவு உள்ளே, எந்தச் செலவு வெளியே என்று பிரித்து எழுதவே மாட்டார்கள். கறுப்புப் பெட்டி என்போம். உள்ளே சந்தா இருக்கலாம், விளம்பரம் இருக்கலாம், உங்கள் நோட்டீஸும் இருக்கலாம்.

மேற்கு வெர்ஜினியா வழியாக ஒரு உயரழுத்த மின்பாதை போடுவதாக இருந்தார்கள், பாத் என்று பெயர். போடவே இல்லை, 2012-இல் கைவிட்டார்கள். ஆனால் மாநில ஆணையங்களிடம் அனுமதி வாங்குவதற்காகப் பொதுமக்கள் ஆதரவைத் திரட்டுகிறோம் என்று விளம்பரத்துக்கும் ஆட்களுக்கும் சுமார் 60 லட்சம் டாலர் செலவழித்து அதை வாடிக்கையாளர் கணக்கில் எழுதினார்கள். வராத கம்பிக்கு நோட்டீஸ் செலவு! அந்த ஊரைச் சேர்ந்த இரண்டு பெண்கள், பெரிய அமைப்பெல்லாம் இல்லை, சாதாரண வாடிக்கையாளர்கள், கம்பெனியின் வருடாந்திரக் கணக்கை வரி வரியாகப் படித்து எதிர்ப்பு மனு போட்டார்கள். ஃபெர்க்கில் ஒரு நீதிபதி அவர்கள் பக்கம், அப்புறம் ஆணையம் கம்பெனி பக்கம், அப்புறம் மேல்முறையீடு. பத்து வருடத்துக்கு மேல் இழுத்து 2022-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் செலவு 426.4-இல்தான் வர வேண்டும் என்றது. அரசாங்க அனுமதியை நோக்கிச் செய்கிற பிரசாரமும் அரசியல் செலவுதான் என்று அந்த இரண்டு பேரால் சட்டமானது. ஆனால் எல்லா வீட்டிலும் பத்து வருடம் பேரேடு படிக்க ஆள் இருக்குமா?

அதனால்தான் 2023-இல் கொலராடோ, கனெக்டிகட், மெய்ன் மூன்றும் சட்டம் கொண்டு வந்தபோது எங்கள் வட்டாரத்தில் கொஞ்சம் சந்தோஷம். லாபிச் செலவு, சங்கச் சந்தா, பொதுமக்கள் கருத்தைத் திருப்புகிற விளம்பரம் இதெல்லாம் கட்டணத்தில் வரக்கூடாது என்று சட்டத்திலேயே பெயர் சொல்லி எழுதிவிட்டார்கள். கொலராடோவில் வருடா வருடம் அறிக்கையும் கொடுக்க வேண்டும். மீறினால் என்ன தண்டனை என்பதில்தான் இன்னும் பலவீனம். கலிபோர்னியாவில் சோகால்கேஸ் என்ற எரிவாயுக் கம்பெனி, கட்டட எரிசக்தி விதிகளை எதிர்க்க வாடிக்கையாளர் பணத்தைப் பயன்படுத்தியதற்காக 2022-இல் சுமார் 1 கோடி டாலர் அபராதம் வாங்கியது. அந்த அளவுக் கம்பெனிக்கு அது தேநீர்ச் செலவு.

அப்பாவின் இடக்குக் கேள்விக்கு என் பதில், குறுக்குக் கேள்வி சொன்னதில் பாதி சரி. லாபம் கை மாறினபின் அது அவர்கள் காசுதான். ஆனால் மளிகைக் கடைக்காரர் லாபத்துக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. இங்கே லாப விகிதத்தையே ஆணையம்தான் அனுமதிக்கிறது. அந்த ஆணையத்தில் யார் உட்கார வேண்டும் என்பதற்கே அந்த லாபம் செலவாகும்போது, சங்கிலி மறுபடி முதல் கண்ணிக்கே வந்துவிடுகிறது. அரிசோனாவில் ஆணைய உறுப்பினர்களை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2014 தேர்தலில் அந்த ஊர் மின் கம்பெனியின் தாய் நிறுவனம், தான் ஒழுங்குபடுத்தப்படும் அதே ஆணையத்துக்கான தேர்தலில், சுமார் 1 கோடி டாலர் இறைத்தது. யார் கொடுத்தது என்று ஐந்து வருடம் கழித்து, சம்மன் அனுப்பினபின்தான் ஒப்புக்கொண்டார்கள். பங்குதாரர் காசு என்றே வைத்துக்கொள்வோம், அதையாவது அன்றைக்கே சொல்லியிருக்கலாமே. கொடுக்காதே என்று தடுக்க இன்றைய நீதிமன்றம் விடாது. கொடுத்ததைக் கட்டண மனுவோடு சேர்த்து வெளியே வை என்று சொல்ல எந்தத் தடையும் இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது: ஒஹாயோவில் வீட்டு உபயோக வாடிக்கையாளர்களுக்காகவே வாதாடுகிற அரசு அலுவலகம் ஒன்று இருக்கிறது, கன்சூமர்ஸ் கவுன்சில் என்பார்கள். நோட்டீஸைப் போட்டோ எடுத்து அனுப்பி, இது எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்று அடுத்த கட்டண வழக்கில் கேட்கச் சொல்லுங்கள். "பிடிக்கவில்லை" என்று எழுதாதீர்கள், தலைப்பு எண்ணைக் கேளுங்கள்.

பழைய கொலம்பஸ்வாசி:

அச்சுக் கூலியை மட்டும் கேட்காதீர்கள் தம்பி, தபால் செலவையும் கேளுங்கள். பில்லோடு ஓசியில் பயணம் செய்த தாளுக்கு ஸ்டாம்ப் யார் காசு?

ஏரிக்கரைக்காரன்:

தபால் செலவு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை அண்ணா. நேற்று ராத்திரி மெயில் எழுதி அனுப்பிவிட்டேன், 426.4 என்று எண்ணைப் போட்டே கேட்டிருக்கிறேன், பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.

ஒரு சின்னச் சிக்கல். நோட்டீஸைப் போட்டோ எடுக்கலாம் என்று தேடினால் காணவில்லை. பார்த்தால் சமையலறையில் ஃபிரிட்ஜ் மேல் காந்தத்தில் மாட்டியிருக்கிறது, பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் அப்பா அதில் தினமும் காலை ஆறு மணிக்கு வெளியே இருக்கிற மீட்டர் ரீடிங்கை எழுதிவைத்திருக்கிறார், பதினொரு நாளாக, தேதி போட்டு. முன்பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்பினேன்.